உப்புக் காற்றும் ஒலிவாங்கியும்: சென்னை நாட்குறிப்பு

செவ்வாய்

இந்த வாரம் சென்னையில் எனக்கு இரண்டு வேலைகள். திருவான்மியூரில் கடலை ஒட்டிய கட்டடம் ஒன்றின் மொட்டை மாடியில், வெயிலிலும் உப்புக் காற்றிலும் நாங்கள் போட்டு வைத்திருக்கும் கான்கிரீட் பலகைகளை அளக்க வேண்டும். மாலையில் ஆழ்வார்பேட்டையிலும் பெசன்ட் நகரிலும் ஸ்டாண்ட்-அப் காமெடி மேடைகளில் ஏற வேண்டும். சனிக்கிழமை பிப்ரவரி 28, தேசிய அறிவியல் தினம். அன்று ஒரு கல்லூரியில் இரண்டையும் சேர்த்து ஒரு மணி நேரம் பேசக் கேட்டிருக்கிறார்கள். காரைக்குடியில் அரசு ஆய்வகம் ஒன்றில் அரிமானம் பற்றி ஆராய்கிறேன். கான்கிரீட்டுக்குள் புதைந்திருக்கும் இரும்புக் கம்பி எப்போது, ஏன் துருப்பிடிக்கத் தொடங்குகிறது என்பதுதான் என் வேலை.

பல்லவன் ரயில் விழுப்புரத்தைத் தாண்டிய பிறகுதான் எதிர் இருக்கைக்காரர் பேச்சைத் தொடங்கினார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். என் மடியில் இருந்த இரண்டு குறிப்பேடுகளைப் பற்றி விசாரித்தார். ஒன்றில் அளவீடுகள், மற்றொன்றில் மேடைக்கான துணுக்குகள் என்றேன். “ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று எத்தனை நாள் ஓட்டுவீர்கள் அம்மா? எதை விடப் போகிறீர்கள்?” என்று கேட்டார். அக்கறையோடுதான் கேட்டார். இதே கேள்வியை ஆய்வகத்திலும் கேட்கிறார்கள், மேடைக்குப் பின்னாலும் கேட்கிறார்கள். ஆறு எது, சேறு எது என்பது மட்டும் கேட்பவரைப் பொறுத்து மாறும். “எதையும் விடப் போவதில்லை ஐயா” என்றேன். தாம்பரம் வரும்வரை அவருக்குச் சமாதானம் ஆகவில்லை.

எழும்பூரில் இறங்கியபோது நண்பகல் கடந்துவிட்டது. திருவல்லிக்கேணியில் சித்தப்பா வீட்டில்தான் தங்கல். சித்தப்பா ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அந்தக் காலம் முழுவதும் மாலை வேளைகளில் சபா நாடகங்களில் நடித்தவர். ரயிலில் நடந்ததைச் சொன்னேன். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

“எங்கள் குழுவில் முழுநேர நடிகர் என்று ஒருவர்கூடக் கிடையாது, தெரியுமா? ஒருவர் வங்கி, ஒருவர் ரயில்வே, கதாநாயகனாக நடித்தவர் பள்ளிக்கூட வாத்தியார். அலுவலகம் விட்டதும் நேராக ஒத்திகை. வெளியூர் நாடகத்துக்காகத் தற்செயல் விடுப்பைச் சேர்த்து வைப்போம். யாருக்காவது இடமாற்ற உத்தரவு வந்தால்தான் குழுவே கலங்கிப்போகும்.”

அவர் சொல்வது சென்னையின் பழைய வழக்கம். பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல் சுகுண விலாச சபாவைத் தொடங்கினார். வழக்கறிஞராக இருந்தார், பின்னர் நீதிபதியும் ஆனார். அவ்வளவு காலமும் எழுதினார், நடித்தார். படித்தவர்களும் உத்தியோகம் பார்ப்பவர்களும் அரிதாரம் பூசுவது கௌரவக் குறைவல்ல என்று இந்த ஊருக்குக் காட்டியவர்களில் அவர் முதன்மையானவர். கிரேசி மோகன் கிண்டி பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்து, தொழிற்சாலை வேலையில் இருந்துகொண்டே நாடகம் எழுதியவர். பட்டிமன்ற மேடைகளில் நம்மைச் சிரிக்க வைத்தவர்களில் எத்தனை பேர் கல்லூரி ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள்! சாலமன் பாப்பையாவே மதுரை அமெரிக்கன் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர்தான். மென்பொருள் வேலையை விட்டு முழுநேரமாக மேடைக்கு வந்த அலெக்ஸாண்டர் பாபுவைப் போன்றவர்கள் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அது ஒன்றுதான் நேர்மையான வழி என்ற எண்ணம் அண்மைக்காலத்தில் முளைத்தது. அதை நான் ஏற்கவில்லை.

புதன்

காலை ஆறரைக்குத் திருவல்லிக்கேணி நிலையத்தில் பறக்கும் ரயில் ஏறினேன். இந்த நகரத்தை அரிமான ஆய்வாளரின் கண்ணால் பார்க்க விரும்புபவர்கள் இந்தப் பாதையில் ஒருமுறை போக வேண்டும். பக்கிங்காம் கால்வாயை ஒட்டித் தூண்களும் கூரைகளும் வரிசையாக வருகின்றன; எந்தக் கட்டடத்தில் கான்கிரீட் உதிர்ந்து கம்பி தெரிகிறது, எது பூச்சுப் பூசித் தப்பித்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போகலாம். கைப்பிடிச் சுவர்களில் நேர்கோடாக ஓடும் பழுப்பு வெடிப்பு எங்களுக்கு உடனே புரியும்: உள்ளே கம்பி அந்தக் கோட்டில்தான் ஓடுகிறது.

நல்ல கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடிக்காது. சிமெண்டின் காரத்தன்மை அதைக் காப்பாற்றுகிறது. கான்கிரீட்டின் நுண்துளைகளில் இருக்கும் நீரின் பி.எச். அளவு 12.5-க்கும் மேல். அந்தக் காரத்தில் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகி நிற்கும். கடல் காற்றில் வரும் உப்பின் கூறான குளோரைடு மெல்ல மெல்ல உள்ளே இறங்கி, போதிய அளவு சேர்ந்ததும் அந்தப் படலத்தை உடைக்கிறது. பிறகு ஈரமும் ஆக்சிஜனும் இருந்தால் போதும். உண்டாகும் துரு, கரைந்த இரும்பைவிட 2 முதல் 6 மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். கான்கிரீட் உள்ளிருந்தே பிளக்கும்.

மொட்டை மாடியில் வேலை எளிமையானது, ஆனால் அவசரப்பட முடியாதது. பலகையின் மேல் சுண்ணக்கட்டியால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருக்கிறோம். ஓரத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி முனையை உப்புத்தாள் தேய்த்துப் பளபளப்பாக்கி ஒரு கம்பியிணைப்பைக் கவ்வ வைக்க வேண்டும். இன்னொரு முனையில் ஓர் ஒளிபுகும் குழாய்; அதற்குள் செறிவான காப்பர் சல்பேட் கரைசல், மயில் கழுத்து நீலம், நடுவில் ஒரு செப்புத் தண்டு. குழாயின் அடியில் நுண்துளை அடைப்பான். பஞ்சை நனைத்துக் கட்டத்தின் மேல் வைத்து, அதன் மேல் குழாயை நிமிர்த்திப் பிடித்து, கம்பிக்கும் குழாய்க்கும் இடையிலான மின்னழுத்தத்தைக் காட்டும் வோல்ட்மீட்டரைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். எண் அலையும். அலைந்து அலைந்து ஓரிடத்தில் நிற்கும். நின்ற பிறகுதான் எழுத வேண்டும். ஒன்பது மணிக்குமேல் வெயில் ஏறினால் பலகை காய்ந்து, மறுபடி நனைக்க வேண்டியிருக்கும்.

எங்கள் துறையில் வழக்கத்தில் உள்ள அளவுகோல் இது: செப்பு மின்வாய் எனப்படும் இந்தக் குழாயோடு ஒப்பிட்டு அளக்கும்போது மைனஸ் 350 மில்லிவோல்ட்டுக்கும் கீழே போனால், அந்த இடத்தில் துரு நடந்துகொண்டிருக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. மைனஸ் 200-க்கு மேலே இருந்தால், துரு இல்லாதிருக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. இரண்டுக்கும் இடைப்பட்டால்? நிச்சயமில்லை. அளவுகோலே அப்படித்தான் சொல்கிறது. இன்று நான் அளந்த கட்டங்களில் பெரும்பாலானவை அந்த நடுப்பகுதியில்தான் விழுந்தன.

மாலை ஏழரைக்கு ஆழ்வார்பேட்டையில், மாடியில் இருக்கும் சிறிய அரங்கில் ஓப்பன் மைக், பெயர் கொடுத்த எவரும் ஏறக்கூடிய மேடை. ஆளுக்கு ஐந்து நிமிடம். நான்காவது நிமிடம் முடிந்ததும் பின்வரிசையிலிருந்து கைப்பேசி விளக்கைக் காட்டுவார்கள். என் பகுதி கிழக்குக் கடற்கரைச் சாலையில் வீடு விற்கும் தரகரைப் பற்றியது. “கடல் காற்று இலவசம்” என்று அவர் சொல்வார். உப்பும் அதோடு இலவசம்தான் என்பதை நான் சொல்வேன். பிறகு வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டு அளக்கச் சொல்கிறார். “துரு இருக்கிறதா, இல்லையா?” “நிச்சயமாகச் சொல்ல முடியாது.” “இதைச் சொல்லத்தான் டாக்டர் பட்டம் வாங்கினீர்களா?” “ஆமாம். நிச்சயமாகச் சொல்ல முடியாது என்பதை நிச்சயமாகச் சொல்ல அவ்வளவு படிக்க வேண்டியிருந்தது.”

அந்த இடத்தில் அரங்கு சிரித்தது. முன்வரிசையில் ஒரு பெரியவர் கையைத் தட்டிக்கொண்டு பக்கத்திலிருந்த மகனிடம் ஏதோ சொன்னார்; வீடு பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பமாக இருக்க வேண்டும்.

கீழே இறங்கியதும் நிகழ்ச்சியை நடத்தும் தம்பி தேநீரோடு வந்தார். நல்ல பையன், மேடையை நன்றாக அறிந்தவர். “அக்கா, அந்த நடுப்பகுதி எல்லாம் வேண்டாம். இந்த எண் வந்தால் வீடு இடிந்துவிடும் என்று அடியுங்கள். சிரிப்பு இரண்டு மடங்காகும்” என்றார். அவர் சொல்வதில் மேடைக் கணக்குச் சரி. நான் மறுத்துவிட்டேன். தரகரை எவ்வளவு வேண்டுமானாலும் பெருக்கிக் காட்டலாம். அவர் கழுத்துச் சங்கிலி, அவர் போன் பேசும் விதம், எல்லாவற்றிலும் கை வைப்பேன். ஆளை மிகைப்படுத்துவேன், அளவை மிகைப்படுத்த மாட்டேன். அரங்கில் உட்கார்ந்திருந்த அந்தப் பெரியவர் நாளை வீடு வாங்கப் போகிறவர். ஆய்வாளர் என்று சொல்லிக்கொண்டு மேடை ஏறியவள் சொன்ன எண்ணை அவர் வீட்டுக்கு எடுத்துப் போவார்.

வியாழன்

காலையில் சித்தப்பாவுடன் மெரினாவில் நடை. மாநிலக் கல்லூரியின் சிவப்புக் கட்டடத்துக்கு எதிரே நின்று இளநீர் குடித்தோம். சி.வி. ராமன் இங்கேதான் படித்தார். 1907-ல் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தாவுக்குப் போன அவர், ஏறத்தாழ 10 ஆண்டுகள் அந்த வேலையில் இருந்தபடியே, அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வறையில் வேலை செய்தார். 1917-ல்தான், சம்பளம் குறைவு என்று தெரிந்தும், பேராசிரியர் பதவிக்கு மாறினார். ராமன் விளைவு கண்டறியப்பட்ட நாளாகச் சனிக்கிழமை நாம் கொண்டாடப்போகும் 1928 பிப்ரவரி 28-க்கு அடித்தளம் போட்டது அந்த மாலை நேர ஆண்டுகள்தான். ராமானுஜனும் 1912 மார்ச்சில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். 1913-ல் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு அனுப்பிய கடிதத்தில் தம்மைத் துறைமுக அலுவலக எழுத்தர் என்றே அறிமுகம் செய்துகொண்டார்.

அன்று அறிவியலே மாலை வேலையாக இருந்தது. இன்று அறிவியல் உத்தியோகமாகிவிட்டதால், அதைச் செய்பவர் மாலையில் வேறொன்றைச் செய்தால் கவனம் சிதறியவர் என்கிறோம். இந்த ஒப்பீட்டை நான் நெடுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். ராமனோ ராமானுஜனோ செய்ததோடு என் ஐந்து நிமிடத்தைச் சமமாக வைக்கவில்லை. ஒரு மனிதரின் நாளில் இரண்டு ஆழமான வேலைகளுக்கு இடம் உண்டு என்பதற்கு மட்டும் அவர்களைச் சாட்சியாக எடுத்துக்கொள்கிறேன்.

பகல் முழுவதும் அளவீடுகளைக் கணினியில் ஏற்றினேன். மேடை இல்லை. மறுநாள் விடியலில் அளக்க வேண்டியிருந்தால் முந்தின இரவு மேடை ஏறுவதில்லை என்று வைத்திருக்கிறேன். தூக்கம் கெட்ட கண் எண்ணை நிற்பதற்கு முன்பே எழுதிவிடும்.

வெள்ளி

விடியலில் மீதிப் பலகைகளை முடித்தேன். ஒரு பலகையின் மூலையில் மூன்று கட்டங்கள் மைனஸ் 350-ஐத் தாண்டிவிட்டன. அது குளோரைடு வேண்டுமென்றே கலந்து வார்த்த பலகை, எதிர்பார்த்ததுதான். ஆனால் எதிர்பார்த்தது நடக்கும்போதுதான் இரண்டுமுறை அளக்க வேண்டும். அளந்தேன். அளவீட்டுக் குறிப்பேட்டில் அங்கேயே எழுதி, உடன் இருந்த தொழில்நுட்பப் பணியாளரிடம் கையொப்பம் வாங்கி, பையில் போட்டு மூடினேன். மாலை மேடைக்குப் போகும் நாளில் இந்தக் கையொப்பம் எனக்கு மிக முக்கியம்.

காரணத்தைச் சொல்ல வேண்டும். நகைச்சுவையும் பரிசோதனையும் ஒன்றுதான், இரண்டிலும் முயன்று பார்த்துத் திருத்துகிறோம் என்று பலர் சொல்கிறார்கள். கேட்க இனிமையாக இருக்கிறது. எனக்கு உடன்பாடில்லை. மேடையில் ஒரு வரி எடுபடவில்லையென்றால் அந்த வரியை மாற்றுவது என் கடமை. பலகையில் ஓர் எண் எடுபடவில்லையென்றால் அதைத் தொடாமல் விடுவது என் கடமை. ஒரே கை, ஒரே நாளில் இந்த இரண்டையும் செய்கிறது. நேரத்தைப் பங்கிடுவதெல்லாம் எளிது. பஸ்ஸும் ரயிலும் இருக்கின்றன. கையை அதனதன் இடத்தில் வைப்பதுதான் வேலை. நல்ல கைத்தட்டல் கிடைத்த மறுநாள் காலையில் அறிக்கை எழுதும்போது வாக்கியங்கள் தாமாகவே உருண்டு திரண்டு வர ஆசைப்படும். ‘பெரும்பாலும்’ என்ற சொல் உறுத்தும். அந்தச் சொல்லை நீக்காமல் காப்பதற்கு முந்தின நாளே இட்ட கையொப்பம் உதவுகிறது.

மதியம் நுங்கம்பாக்கத்தில் ஒரு வேலை. கல்லூரிச் சாலையில் வானிலை மையத்தைத் தாண்டும்போது ஆட்டோவை மெதுவாகப் போகச் சொன்னேன். 1792-ல் கட்டப்பட்ட மெட்ராஸ் வானாய்வகம் இருந்த வளாகம் அது. அங்கே பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-ல் ஒரு மாறும் விண்மீனைக் கண்டறிந்தார். எனக்கு அவர் நெருக்கமாவது வேறு காரணத்தால். 1874 டிசம்பரில் வெள்ளி, சூரியனைக் கடந்து போவதை மக்கள் புரிந்துகொள்ள வேண்டும் என்று அவர் ஒரு சிறு நூல் எழுதி, இந்திய மொழிகள் பலவற்றில் வெளிவரச் செய்தார். இருவர் கேள்வியும் பதிலுமாகப் பேசிக்கொள்ளும் உரையாடல் வடிவத்தை அதில் கையாண்டார். நட்சத்திரத்தின் ஒளியை இரவெல்லாம் அளந்தவர், பகலில் இரண்டு பேரைப் பேச விட்டு விளக்கியிருக்கிறார்! அளவை அவர் விட்டுக்கொடுக்கவில்லை; பேச்சை மட்டும் இளக்கினார். எனக்கு முன்னோர் யார் என்று கேட்டால் நாடகக்காரர்களுக்கு முன்பாக இவரைத்தான் சொல்வேன்.

மாலை பெசன்ட் நகரில் மேடை. அந்தப் பட்டியலில் பெண்கள் இரண்டே பேர், இருவருக்கும் கடைசி இடங்கள். இது எங்கும் நடக்கிறது, மாற வேண்டும். பத்தரை மணிக்குமேல் பறக்கும் ரயில் நிலையத்தின் அந்த வெறிச்சோடிய படிக்கட்டுகளில் தனியாக ஏறுவதைப் பற்றி யோசிக்காத ஒருவர்தான் இப்படிப் பட்டியல் போட முடியும். நடத்துபவரிடம் நேரடியாகச் சொன்னேன். அடுத்த மாதம் முதல் மாற்றுவதாகச் சொன்னார். சித்தப்பா ஆட்டோவோடு வந்து வெளியே காத்திருந்தார்.

சனி

கல்லூரி அரங்கில் மாணவர்கள், சில பெற்றோர்கள், முன்வரிசையில் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தில் பல காலம் இருந்த ஒரு பெரியவர். 1980-ல் தொடங்கிய அந்த இயக்கம் பாட்டும் வீதி நாடகமுமாக அறிவியலைக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனது. அவர் நிகழ்ச்சிக்குப் பிறகு என்னிடம் சொன்னது: “நாங்கள் தெருவில் நின்று பேசும்போது விளக்கு, ஒலிபெருக்கி எதுவும் இருக்காது. முதல் இரண்டு நிமிடத்தில் சிரிக்க வைக்கவில்லையென்றால் கூட்டம் டீக்கடைக்குப் போய்விடும்.”

இன்று எனக்குக் கிடைத்தது முழுதாக ஒரு மணி நேரம். குழாயையும் ஒரு சிறு கான்கிரீட் கட்டியையும் மேடையிலேயே வைத்தேன். ஒரு மாணவியை அழைத்துப் பஞ்சை நனைக்கச் சொல்லி, மீட்டரின் எண்ணைப் பெரிய திரையில் காட்டினோம். எண் அலைந்துகொண்டிருந்த நேரத்தில்தான் தரகர் கதையைச் சொன்னேன். முன்பு கதைக்கு நடுவே அளவீட்டை விளக்கிக்கொண்டிருந்தேன். அளவீட்டின் காத்திருப்புக்கு நடுவே கதையை வைத்தது இதுவே முதல்முறை. எண் நின்றபோது மைனஸ் 281. அரங்கில் யாரோ பின்னாலிருந்து “நிச்சயமில்லை!” என்று கத்தினார்கள். ஒரு நொடியில் அரங்கு முழுவதும் அதையே சொன்னது. நான் எதிர்பார்க்கவில்லை. ஆழ்வார்பேட்டைத் தம்பி பார்த்திருக்க வேண்டும்.

பிறகு ஓர் ஆராய்ச்சி மாணவர் தயங்கித் தயங்கி வந்தார். எட்டு மாதமாக மேடை ஏறுகிறாராம், வழிகாட்டிக்குத் தெரியாதாம். “சொல்லலாமா அக்கா?” என்று கேட்டார்.

சொல்ல வேண்டும் என்றேன். மறைத்துச் செய்வதில் வரும் களைப்பு, இரண்டு வேலை செய்வதில் வருவதைவிட அதிகம். எங்கே, எந்த நாள், எத்தனை மணி என்று எழுதிக் கொடுத்துவிட்டு, ஆய்வக வேலை எதுவும் தள்ளிப்போகாது என்று நடந்து காட்டினால் பெரும்பாலான வழிகாட்டிகள் ஒப்புக்கொள்வார்கள். நாளை அரசு வேலைக்குப் போனால் விதியைப் படிக்கச் சொன்னேன். மத்திய அரசுப் பணியாளர் நடத்தை விதிகள் 1964-ல் 15ஆம் விதி, அலுவலக வேலைக்குக் குந்தகம் இல்லாமல் எப்போதாவது செய்யும் இலக்கிய, கலை, அறிவியல் பணிகளுக்கு முன் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்கிறது. ஆனால் அதைத் தொழிலாக நடத்த முடியாது. கட்டணம் வாங்குவதற்கு அனுமதி வேண்டும். அரசின் கொள்கையை மேடையில் விமர்சிப்பதற்கு 9ஆம் விதி குறுக்கே நிற்கும். இதோடு நானாக வைத்துக்கொண்டவை இரண்டு: வெளிவராத முடிவுகளை மேடையில் பேசுவதில்லை, உடன் வேலை செய்பவர்களை, பெயர் சொல்லாமல்கூட, துணுக்கில் வைப்பதில்லை. ஆய்வகம் என்பது ஒருவரையொருவர் நம்பிச் செய்யும் வேலை. தான் அடுத்த துணுக்காகிவிடுவோமோ என்று பயப்படும் ஒருவர் தன் தவறிய பரிசோதனையை என்னிடம் சொல்ல மாட்டார். அதைச் சொல்லாவிட்டால் நான் அதே தவற்றில் ஆறு மாதம் தொலைப்பேன்.

அவர் எல்லாவற்றையும் கைப்பேசியில் குறித்துக்கொண்டார். “முழுநேரமாக வந்துவிடலாமா என்றும் யோசிக்கிறேன்” என்றார். வரலாம். ஆய்வு சலித்துவிட்டது என்றால் வரலாம். ஆனால் ஆய்வு இன்னும் பிடித்திருக்கும்போது, இரண்டைச் செய்வது கேவலம் என்று யாரோ சொன்னதற்காக வர வேண்டாம் என்றேன்.

ஞாயிறு

காலையில் ரத்னா கபேயில் சாம்பாரில் மிதக்கும் இட்லி. சித்தப்பா தம் பழைய நாடகக் கையெழுத்துப் பிரதி ஒன்றைத் தந்தார். ஓரங்களில், அலுவலக முத்திரைத் தாளின் பின்பக்கத்தில் எழுதி ஒட்டிய மாற்றங்கள். படித்துவிட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும்.

பிற்பகல் பல்லவனில் ஏறி, செங்கல்பட்டு வருவதற்குள் அறிக்கையின் முதல் பக்கத்தை எழுதிவிட்டேன். 350-ஐத் தாண்டிய மூன்று கட்டங்கள் தனியாக. நடுப்பகுதியில் விழுந்தவை எல்லாம் ‘நிச்சயமில்லை’ என்ற தலைப்பின் கீழ், எந்த உரிச்சொல்லும் இல்லாமல். அவற்றின் மூலையிலிருந்து சிறு துண்டு வெட்டிக் குளோரைடு அளவைப் பார்க்க வேண்டும். ஜூனில் மறுபடி வரும்போது அதற்கான துளைப்பானையும் கொண்டுவர வேண்டும். அதே வாரத்தில் ஆழ்வார்பேட்டையில் பத்து நிமிடம் தருவதாக அந்தத் தம்பி செய்தி அனுப்பியிருக்கிறார். மீட்டரையும் கொண்டுவரச் சொல்கிறார்.